மைத்துனர் வாங்காத பூட்டுகள்

அத்தியாயம் 11

கடிதத்தின் நகல் ஒன்பது நாளாக ஹார்டுவேர் கடையின் கல்லாவுக்குள், சில்லறைத் தட்டுக்கு அடியில் கிடந்தது. கடைக்காரர் சில்லறை எடுக்கும்போதெல்லாம் அதன் ஓரம் விரலில் பட்டது. இரண்டு மூன்று பேரிடம், சில்லறை இருந்தும், இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கடிதம் அவருக்கு வந்ததல்ல. அவர் மனைவியின் தம்பிக்கு, அந்த வட்டாரத்தில் பாதி வீடுகளுக்குக் குழாய் போட்ட மைத்துனருக்கு, வரி அலுவலகம் அனுப்பியது. பதினான்கு மாதங்களில் உங்கள் வரி எண்ணில் நானூற்றுப் பன்னிரண்டு மின்னணு ரசீதுகள் பதிவாகியிருக்கின்றன, இருநூற்று முப்பது பூட்டும் தொண்ணூறு டின் பெயின்ட்டும் வாங்கியிருக்கிறீர்கள், இவற்றை எந்த வீடுகளில் பொருத்தினீர்கள், அந்த வேலைகளைக் கணக்கில் ஏன் காட்டவில்லை என்று கேட்டிருந்தது. யாரிடம் வாங்கியது என்ற விவரம் கடிதத்தில் இல்லை. நேரில் வந்தால் திரையில் காட்டுவார்களாம். அதற்குக் கொடுத்த நேரம் இன்று பிற்பகல் மூன்று மணி.

"நான் குழாய் வேலை பாக்கிறவன் அத்தான். எனக்கு எதுக்கு இருநூத்தி முப்பது பூட்டு? ஜெயிலா கட்டப் போறேன்?" என்று மைத்துனர் சென்ற வாரம் சிரிக்கப் பார்த்ததும், யாரோ தன் எண்ணைத் திருடிவிட்டான் என்றதும், அந்த யாரோ யாரென்று தனக்குத் தெரியும் என்றதும், கடைக்காரர் அதற்குத் தலையாட்டியதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். தலையாட்டியதைத்தான் கடைக்காரரால் மறக்க முடியவில்லை.

ஏனென்றால் அந்த நானூற்றுப் பன்னிரண்டும் அவர் கடையில் போட்ட ரசீதுகள்.

ஒவ்வொரு ரசீதும் கணினி வழியாக உடனுக்குடன் அரசாங்கத்துக்குப் போக வேண்டும் என்று சட்டம் வந்தபோது, சொல்லிக் கொடுக்க ஒரு ஆள் வந்தான். மாதிரிக்கு ஒரு வாடிக்கையாளரின் வரி எண் வேண்டும் என்றான். மைத்துனர் அன்று கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். எண் வாங்கிப் புதிது. மனப்பாடமாகச் சொன்னார், கொஞ்சம் பெருமையோடுகூட. அன்றிலிருந்து வாடிக்கையாளர் பட்டியலின் முதல் வரியில் அவர்தான்.

மறுவாரமே தகராறு தொடங்கியது. குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால் வாங்குபவரின் எண்ணைத் திரை கேட்டது. கொத்தனாரிடமும் தச்சரிடமும் எண் இல்லை, அல்லது இருந்தும் தர மனமில்லை. வற்புறுத்தினால் எதிர்க் கடைக்குப் போனார்கள். எண் இல்லாத கட்டம் சிவப்பாகி நின்றது, ரசீது நகரவில்லை. கணினி முன் உட்கார்ந்திருந்த மகள் திரும்பிப் பார்த்தாள். கடைக்காரர் ஆணி நிறுத்துக்கொண்டே சொன்ன வார்த்தை இது: "மாமா பேர்ல போடும்மா. நம்ம ஆளுதானே."

பிறகு அதைச் சொல்லவும் தேவைப்படவில்லை.

*

காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே மகள் வந்துவிட்டாள். வழக்கமாகப் பத்து மணிக்கு வருகிறவள். கல்லூரி முடித்து நான்கு வருடமாகக் கடையின் கணினி அவள் பொறுப்பு. உட்காராமல், கைப்பையைத் தோளிலிருந்து எடுக்காமல், பெயின்ட் கலக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

விடியற்காலையில் எழுந்து எல்லா ரசீதையும் ரத்து செய்யப் பார்த்தாளாம். ஒரு நாள் கடந்துவிட்டால் ரத்து பொத்தான் வேலை செய்யாது. இனி ஒவ்வொன்றுக்கும் ஒரு திருத்த ரசீது போட வேண்டும். போட்டாலும் போதாது; வாங்கியதாகப் பதிவான ஆள் தன் கைப்பேசியில் ஒவ்வொன்றையும் திறந்து, ஏற்றுக்கொள்கிறேன் என்று அழுத்த வேண்டும். நானூற்றுப் பன்னிரண்டு முறை.

"அப்போ மாமாவுக்குத் தெரியாம ஒண்ணும் பண்ண முடியாது," என்றாள்.

கடைக்காரர் பூட்டுகளைத் தொங்கவிடும் பலகையை வாசலில் சாய்த்து வைத்தார். நேராகத்தான் இருந்தது, மறுபடி எடுத்து மறுபடி வைத்தார்.

"நான் சொல்லிடறேம்ப்பா. டைப் பண்ணது நான்தானே."

"நீ எதுவும் சொல்லாதே."

"அப்போ நீங்க சொல்வீங்களா?"

வழியில் சொல்லிவிடுவதாகச் சொன்னார். ஒன்பது நாளாக இதே பதில்தான். முதலில் மனைவியிடம் சொல்லிவிட்டு அவள் தம்பியிடம் போகலாம் என்றார், பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றார், பிறகு அவன் கோபம் கொஞ்சம் ஆறட்டும் என்றார். மகள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கினாள். மூன்றே காலுக்கு உங்களுக்கு போன் பண்ணுவேன், எடுக்காவிட்டால் மாமாவுக்கே பண்ணுவேன் என்று சொல்லிவிட்டுக் கணினியைத் திறக்கப் போனாள்.

முதல் வாடிக்கையாளராக ஸ்பானர் வந்தான்.

அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. மைத்துனருடன் பத்து வருடம் கூட்டாக வேலை செய்து, ஒரு வருடத்துக்கு முன் ஒரு அடுக்குமாடி வேலையில் சண்டை வந்து பிரிந்தவன். மைத்துனரின் கணக்கில் எண் திருடன் இவன்தான். தன் எண்ணை அறிந்தவன், தன்மேல் வன்மம் உள்ளவன், வேறு யார் இருக்க முடியும்? போன வாரம் அவன் வீட்டு வாசலுக்கே போய், அவன் மகள் பார்க்க, திருடன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார்.

ஸ்பானர் இரண்டு சுருள் டேப் கேட்டான். வாங்கியும் நகரவில்லை. பள்ளிக்கூடத்தில் வருடாவருடம் பார்க்கும் பராமரிப்பு வேலையை இந்தத் தடவை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்களாம். காரணம் சொல்லவில்லையாம். காரணம் அவனுக்குத் தெரியுமாம்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவன் கேப்பான் அண்ணே. நான் அப்படிப்பட்டவன் இல்லன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும்," என்றார் கடைக்காரர்.

கணினிக்குப் பின்னால் விசைப்பலகையின் சத்தம் நின்றிருந்தது. ஸ்பானர் காசை வைத்தான். இந்த முறை கடைக்காரர் தட்டைத் தூக்கி, கடிதத்தின் மேலேயே துழாவி, மீதியைக் கடைசிக் காசுவரை எண்ணிக் கொடுத்தார். அந்த நேரத்தில் அவரால் நேர்மையாகச் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

*

மதியம் வீட்டுக்குப் போனபோது மனைவி அவருடைய வெளுத்த சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டி வைத்திருந்தாள். அலுவலகத்துக்குப் போகிறபோது கிரீஸ் கறையோடு போக வேண்டாம் என்றாள். தம்பிக்குப் பேச வராது, நீங்கள் கூட இருப்பதே எனக்குப் பெரிய தைரியம் என்றாள். காலர் பட்டனை அவளே போட்டுவிட்டாள். கடைக்காரர் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி.

மைத்துனர் இரண்டரைக்கு மோட்டார் சைக்கிளில் வந்தார். கடைக்காரருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இருபது வருடமாக எங்கே போவதானாலும் மைத்துனரின் பின் இருக்கைதான். ஏறி உட்கார்ந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தார். ஏறி உட்கார்ந்ததும் வண்டி கிளம்பிவிட்டது. காற்றில் எதுவும் காதில் விழாது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

வரி அலுவலகத்தில் டோக்கன் எண் கூப்பிட மூன்று இருபது ஆனது. அதற்குள் கடைக்காரரின் சட்டைப்பையில் கைப்பேசி இரண்டு தடவை அதிர்ந்தது. மைத்துனர் எட்டிப் பார்த்து, பாப்பாதான் கூப்பிடுகிறாள், எடுங்கள் என்றார். கடையில் ஏதாவது விலை கேட்பாள் என்று சொல்லிக் கடைக்காரர் அழைப்பைத் துண்டித்தார்.

அதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. மேசையில் தண்ணீர் பாட்டில், மூக்குக் கண்ணாடிக் கூடு, கட்டுக் கட்டாகக் கோப்புகள். குரலை உயர்த்தாமல் பேசினார். எண்ணைத் தட்டி, திரையை இவர்கள் பக்கம் திருப்பினார்.

விற்றவர் என்ற இடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே பெயர். கடைக்காரர் தன் கடைப் பெயரை இவ்வளவு தடவை ஒன்றாகப் பார்த்ததே இல்லை.

மைத்துனருக்குப் புரிய நேரம் எடுத்தது. "அத்தான், இது நம்ம கடை," என்றார், ஏதோ அலுவலகம் தவறு செய்துவிட்டதைச் சுட்டிக்காட்டுவது போல. திரையில் விரல் வைத்து இறங்கினார். ஒரு வரியில் விரல் நின்றது. வாங்கியவரின் கைப்பேசி எண் என்ற கட்டம்.

மகள் ஒழுங்கானவள். வரி எண்ணைத்தான் மாற்றிப் போட்டாளே தவிர, கைப்பேசி எண்ணைக் கேட்டு, உள்ளதை உள்ளபடி பதிந்திருந்தாள். உத்தரவாதக் குறுஞ்செய்தி சரியான ஆளுக்குப் போக வேண்டுமே.

"இது அவன் நம்பர்," என்றார் மைத்துனர். பத்து வருடம் தினமும் அழைத்த எண். "ஸ்பானர் நம்பர். அத்தான், நான் சொன்னேன்ல? உங்க கடைக்கே வந்து என் எண்ணைச் சொல்லி வாங்கியிருக்கான்."

ஸ்பானரின் எண் நானூற்றுப் பன்னிரண்டில் ஏழு இடங்களில் இருந்தது. தண்ணீர்த் தொட்டி வாங்கியபோது வரி எண் வீட்டில் இருக்கிறது, அப்புறம் தருகிறேன் என்று அவன் சொன்னதும், பரவாயில்லை விடு என்று தான் சொன்னதும் கடைக்காரருக்கு நினைவு வந்தது. மற்ற எண்கள் யாருடையவை என்று அதிகாரி கேட்டார். அவன் ஆட்களாக இருக்கும் என்றார் மைத்துனர். அவர் முகத்தில் ஒன்பது நாளைக்கு அப்புறம் ரத்தம் ஓடியது.

அதிகாரி கடைக்காரரைப் பார்த்தார். "இந்த எண்ணை உங்ககிட்ட சொன்னது யாருங்க?"

பழியை ஸ்பானர்மேல் போட்டுவிட ஒரு கதவு திறந்தே இருந்தது. அதன் வழியாகக் கடைக்காரர் சுத்தமாக வெளியே போய்விடலாம். யாரும் அவரைத் தள்ளவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை.

"கடையில கூட்டமா இருக்குங்க," என்றார். "யாரு சொன்னாங்கன்னு நினைவில்ல."

அதிகாரி எழுதினார். எழுதி முடித்து, வாக்குமூலம் என்பதால் படித்துக் காட்ட வேண்டும் என்று சொல்லிப் படித்தார். மேற்படி எண்ணைப் பொருள் வாங்க வந்த நபர்களே தெரிவித்தனர் என்றும், அவர்களைத் தமக்கு அடையாளம் தெரியவில்லை என்றும் கடை உரிமையாளர் கூறுகிறார். அதன் கீழே ஸ்பானரின் எண்ணும், அது யாருடையது என்று மைத்துனர் சொன்னதும்.

முதல் பாதியைத் தான் சொல்லவில்லை என்பது கடைக்காரருக்குத் தெரிந்தது. அவர் கொடுத்தது சின்னப் பொய். அலுவலகத் தமிழில் ஏறியதும் அது வளர்ந்து ஆளாகி நின்றது. இஸ்திரி போட்ட சட்டையின் கையைக் காகிதத்தில் படாதபடி மடித்துக்கொண்டு, கையெழுத்துப் போட்டார். ஒரு நகலைக் கொடுத்தார்கள். ஏழு நாளுக்குள் மைத்துனர் அந்த ஆள் மீது எழுத்து மூலம் புகார் தர வேண்டும். இல்லாவிட்டால் ரசீதுகள் அவர் வாங்கியதாகவே கொள்ளப்படும் என்றார் அதிகாரி.

*

திரும்பும்போது மைத்துனர் ஓயாமல் பேசினார். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வந்த குரல் டின்னுக்குள் பேசுவது போலிருந்தது. அக்காவுக்கு முதலில் போன் பண்ண வேண்டும் என்றார். இல்லை, முதலில் ஸ்பானர் வீட்டுக்குப் போய்க் காகிதத்தை அவன் முகத்துக்கு நேரே காட்ட வேண்டும் என்றார். நீங்கள் இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன் அத்தான் என்றார்.

சிக்னலில் வண்டி நின்றது.

"மாப்ளே, அந்த எண்ணைப் போட்டது நாங்கதான்," என்றார் கடைக்காரர் அந்த ஹெல்மெட்டின் பின்பக்கத்தைப் பார்த்து.

"என்ன அத்தான்? கேக்கல."

ஒரு தடவை சொல்வதற்கு ஒன்பது நாள் ஆகியிருந்தது. இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. மைத்துனர் இன்ஜினை அணைத்துவிட்டு, தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். பக்கத்து வண்டியில் ஒரு பெண்ணும் அவள் மடியில் ஒரு குழந்தையும். அவர்களுக்கும் கேட்கும்.

"யாரும் திருடல. எண் இல்லாதவங்களுக்கெல்லாம் உன் பேர்ல பில் போட்டோம். ஸ்பானருக்கும் அப்படித்தான்."

பச்சை விழுந்தது. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். மைத்துனர் வண்டியைக் கிளப்பாமல், காலால் உந்தி உந்தி ஓரத்துக்குக் கொண்டுபோனார். இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றினார். முடி ஈரமாக நெற்றியில் ஒட்டியிருந்தது.

"பாப்பா பண்ணாளா?"

அவர் கேட்டது வெறுப்பில் இல்லை. சின்னப் பெண், தெரியாமல் செய்திருப்பாள், மன்னித்துவிடலாம் என்று ஒரு வழி தேடித்தான் கேட்டார். இன்று இரண்டாவது முறையாகக் கடைக்காரருக்கு முன்னால் கதவு திறந்தது.

"நான் சொல்லித்தான் அவ பண்ணா."

மைத்துனர் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டார். திட்டுவார் என்று கடைக்காரர் காத்திருந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவன் பொண்ணு வாசல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தா அத்தான்," என்றார் கடைசியில். "நான் போட்டுக் கொடுத்த குழாயடியில பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தா. அவ முன்னாடி சொன்னேன்."

ஹெல்மெட்டைக் கைப்பிடியில் மாட்டிவிட்டு நடந்தார். சாவியை எடுக்கவில்லை. கூப்பிடலாம் என்று கடைக்காரர் வாயைத் திறந்தார். எந்த உரிமையில் கூப்பிடுவது என்று தெரியாமல் மூடிக்கொண்டார். மைத்துனர் இடப்பக்கம் திரும்பி மறைந்தார். அது அவர் வீட்டுக்குப் போகிற வழியில்லை. ஸ்பானர் வீட்டுக்கும் இல்லை.

ஓட்டத் தெரியாத வண்டியோடு கடைக்காரர் நின்றார். விட்டுவிட்டுப் போக முடியாது. பின்பெட்டியில் மைத்துனரின் கருவிகள் இருந்தன. கியரிலிருந்து வண்டியை விடுவிக்கவே அவருக்குக் கால் மணி நேரம் ஆனது. பிறகு தள்ளினார்.

கடைத்தெருவுக்குள் நுழைந்ததும் எல்லோருக்கும் அவரைத் தெரிந்தது. கண்ணாடிக் கடைக்காரர் பஞ்சரா என்று கேட்டார். ஆமாம் என்றார். நான்கு கடை தள்ளி மருந்துக் கடைக்காரர் கேட்டபோது, பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்றார். ஏன் மாற்றிச் சொன்னோம் என்று அவருக்கே விளங்கவில்லை. மின்சார சாமான் கடையிலிருந்து ஒருவன், மச்சான் வண்டியை வாங்கிட்டீங்களா, இல்ல கடத்திட்டுப் போறீங்களா என்று சிரித்தான். கடைக்காரரும் சிரித்தார். வெளுத்த சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. விலாப் பக்கம் சங்கிலிக் கிரீஸ் எப்படியோ பட்டிருந்தது, மனைவி கேட்பாள்.

சட்டைப்பையில் கைப்பேசி மறுபடி அதிர்ந்தது. இந்த முறை எடுத்தார்.

"மாமா போன எடுக்கலப்பா," என்றாள் மகள். "சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

வண்டியை இடுப்பில் சாய்த்து நிறுத்திக்கொண்டார். "அதுக்கு முன்னாடி இன்னொண்ணு பண்ணிட்டேன்," என்றார் அவர். "வந்து சொல்றேன்."

கைப்பேசியை வைத்தபோது யாரோ வண்டியின் பின் பகுதியைப் பிடித்தது தெரிந்தது. வண்டி லேசானது. திரும்பினார். ஸ்பானர். கையில் காலையில் வாங்கிய டேப் சுருள்களில் ஒன்று, பாதி தீர்ந்து.

"தள்ளுங்க அண்ணே, நான் பிடிச்சிருக்கேன். என்ன, பஞ்சரா?"

பதிலுக்குக் காத்திராமல் குனிந்து பின் சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினான். முன் சக்கரத்தையும் அழுத்தினான். எழுந்து வண்டியை இரு பக்கமும் ஆட்டி, டேங்கில் காதை வைத்துக் கேட்டான். வேலைக்காரன் கை, எதையும் தொட்டுப் பார்த்துத்தான் நம்பும்.

"காத்து இருக்கு. பெட்ரோலும் இருக்கு," என்றான். "வண்டிக்கு ஒண்ணும் இல்லையே அண்ணே."

"வண்டிக்கு ஒண்ணும் இல்லப்பா."

கடைக்காரர் ஸ்டாண்டைக் காலால் தேடி, மூன்றாவது முயற்சியில் போட்டார். சட்டைப்பைக்குள் கையை விட்டார். ஒன்பது நாள் கல்லாவில் கிடந்த காகிதம் வேறு. இது இன்றைய காகிதம், இன்னும் மடிப்பு விழாதது, கீழே அவருடைய கையெழுத்து உள்ளது. நீட்டினார்.

ஸ்பானர் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினான். மெதுவாகப் படிக்கிறவன். உதடு அசைந்தது. தன் கைப்பேசி எண் வந்த இடத்தில் விரலை வைத்து, எண் எண்ணாகச் சரிபார்த்தான். பிறகு கையெழுத்தைப் பார்த்தான். பிறகு காலையில் தெரியும் என்று சொன்ன மனிதரைப் பார்த்தான்.

"அது பொய்," என்றார் கடைக்காரர். "நான் போட்ட கையெழுத்துதான். எழுதியிருக்கறது பொய்."

ஸ்பானர் மறுபடி ஒரு முறை முதலிலிருந்து படித்தான். காகிதத்தை நான்காக மடித்தான். கடைக்காரர் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார்.

அவன் அதைத் தன் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டான். ஸ்டாண்டை எடுத்து, கைப்பிடியைத் தானே பிடித்து, வண்டியைத் தள்ள ஆரம்பித்தான்.

"எங்கே கொண்டுபோய் விடணும்?" என்றான், திரும்பிப் பார்க்காமல். அண்ணே என்று சொல்லவில்லை.